நிக்காசியா அத்தை பார்த்த கூடு

எங்கள் ஏரிக்கரையில் வாயை மூடத் தெரியாத உயிர்கள் இரண்டு. ஒன்று லெக்கெ-லெக்கெப் பறவை. மற்றொன்று நிக்காசியா சம்பில்யா. பறவையாவது முட்டையிடும் காலத்தில்தான் ஊரைக் கூட்டும். நிக்காசியா அத்தைக்குப் பன்னிரண்டு மாதமும் முட்டையிடும் காலம்தான்.

இது அவளைப் பற்றி நான் பரப்பிவிட்ட பேச்சு. எங்கள் ஊரான கர்வபாத்தாவில் இன்றும் சிலர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

அத்தைக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் தாக்னா பக்கம் சுரங்க வேலைக்குப் போனான். அங்கே வேறு ஒருத்தியின் சமையல் பிடித்துப்போய்த் தங்கிவிட்டான். அத்தை அழுதாளா என்று எனக்குத் தெரியாது. மறுவாரமே படகு ஏறி எதிர்க்கரைக்கு, அதாவது பொலிவியாவுக்குப் போய், பாவாடை மடிப்புகளுக்குள் பதினோரு கிலோ சர்க்கரையைக் கட்டிக்கொண்டு வந்தாள் என்று மட்டும் தெரியும். எல்லைக் காவலர் "என்னம்மா இவ்வளவு பெருத்துட்ட?" என்று கேட்டாராம். "புருஷன் ஓடிட்டான் சார், கவலையில சாப்பிட்டுட்டேன்" என்றாளாம். அப்படியே ஆறு வருடம் கவலைப்பட்டாள். சர்க்கரை, சோப்பு, ஒருமுறை ஒரு முழு பிரஷர் குக்கர்.

சர்க்கரை கொண்டுவந்த மடிப்பிலேயே வேறொன்றும் வந்தது. எதிர்க்கரை வீடுகளில் எங்காவது தெரியாத உருளைக்கிழங்கு ஒன்றைப் பார்த்தால் விடமாட்டாள். நாலு கேட்டு வாங்கி வருவாள். உள்ளே ஊதாவாக இருப்பது, பூனை மூக்குப் போலிருப்பது, மருமகளை அழவைக்கும் கிழங்கு என்று பெயர் வாங்கியது, அத்தனை கண் அதற்கு, உரித்து மாளாது. இப்படி இருபத்திரண்டு வகை. இருபத்திரண்டு கூடை. அவள் வீட்டில் கட்டிலுக்கு இடமில்லை, கிழங்குக்கு இருந்தது. அதில் ஏழெட்டு வகை கொடுத்த வீட்டிலேயே அற்றுப்போய்விட்டன என்று பின்னால் தெரிந்தது.

ஏரிச் சுற்றுக் குழு எங்கள் ஊருக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஏரியைச் சுற்றி எட்டு ஊர், ஐந்து எங்கள் பக்கம், மூன்று பொலிவியா பக்கம். ஊருக்கு ஒரு பார்வைக்காரர் வேண்டும். பறவை, நரி, பூ, நட்சத்திரம் எல்லாம் பார்த்து, மழைமானியில் எத்தனை கோடு தண்ணீர் என்றும் பார்த்து, வாரம் ஒருமுறை எட்டு ஊரும் போனில் சொல்லிக்கொள்ள வேண்டும். இரு கரைப் பள்ளிப் பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை வானிலைப் பாடத்தில் அதைப் படமாக வரைய வேண்டும். சம்பளம் கிடையாது. கூட்டத்தில் ஆண்கள் எல்லோரும் தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள். நிக்காசியா அத்தை கையைத் தூக்கினாள். காரணம், பார்வைக்காரருக்குக் கொடுக்கும் நீலக் கோட்டில் ஜிப் வைத்த பை இரண்டு இருந்தது.

"சர்க்கரை வைக்க வசதி" என்றார் ஊர்த்தலைவர் செவேரோ.

"உங்க மூளையை வைக்கலாம் தலைவரே, இடம் மிச்சம் இருக்கும்" என்றாள் அத்தை.

அவளுக்கு எழுத்து சரியாக வராது. நோட்டில் படம் போடுவாள். நரி வாயைத் திறந்திருந்தால் தெளிவாக ஊளையிட்டது, அதாவது கெட்ட வருடம். வாயில் ஏதோ சிக்கியதுபோல் வரைந்திருந்தால் தொண்டை அடைத்து ஊளையிட்டது, கிழங்கு நன்றாக விளையும். நான்கு வருடம் அவள் சொன்னது பெரிதாகத் தப்பவில்லை. நீலக் கோட்டோடு சந்தைக்கு வருவாள், கோட்டோடு ரொட்டி பொரித்து விற்பாள், கோட்டோடுதான் தூங்கினாள் என்று நினைக்கிறேன்.

எனக்கும் அவளுக்கும் பகை வந்தது மழைமானியால். நான் பள்ளியை விட்டிருந்தேன். உயர்நிலை இரண்டாம் ஆண்டோடு பள்ளிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் சன்னலுக்கு வெளியே நின்று வானிலைப் பாடத்தைக் கேட்பேன், சும்மா, உள்ளே இருப்பவர்களைச் சிரிக்கவைக்க. ஒரு ஜூன் மாதம், வானம் கண்ணாடி மாதிரி துடைத்துக் கிடந்தபோது, மழைமானிக்குள் இரண்டு விரல் உயரத்துக்கு ஆட்டு மூத்திரம் ஊற்றிவைத்தேன். அத்தை பார்த்தாள், முகர்ந்தாள், யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை சந்தை நடுவில் என் காதைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"கேளுங்க எல்லாரும். வானம் இதுவரைக்கும் ஆலங்கட்டி பேஞ்சிருக்கு, பனி பேஞ்சிருக்கு. மூத்திரம் பேஞ்சது இந்த யோவானா வீட்டு வானம் மட்டும்தான்."

சந்தையே சிரித்தது. என் அம்மா சிரித்தாள். எதிர்க்கரையிலிருந்து வந்த மீன்காரர்கள், எங்கள் பாஷைதானே, அவர்களும் சிரித்தார்கள். இரண்டு நாடு சேர்ந்து சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

செப்டம்பரில் நான் பழி தீர்த்தேன்.

லெக்கெ-லெக்கெ கூடு பின்னாது. தரிசில் ஒரு குழியைக் கீறி நாலு முட்டை போடும், அவ்வளவுதான். பழைய உருளைக்கிழங்குப் பாரின், அதாவது மண்வரம்பின், முதுகில் போட்டால், தண்ணீர் வரப்போவது அதற்குத் தெரிந்துவிட்டது, முட்டை நனையாத இடம் பார்த்திருக்கிறது என்று பொருள். அந்த வருடம் மேட்டு நிலத்தில் விதைக்க வேண்டும், பள்ளத்தில் போட்டால் அழுகிவிடும். இரண்டு பாருக்கு நடுவே, சாலுக்குள் முட்டையிட்டால் மழை இல்லை. ஈரம் தங்கும் பள்ள நிலத்தில்தான் விதைக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துத் தரிசில் நான் கண்ட கூடு சாலுக்குள் இருந்தது. ஆழமான சாலுக்குள்.

முட்டையைத் திடீரென்று தூரம் வைத்தால் பறவை கைவிட்டுவிடும். அதனால் நாளுக்கு ஒரு சாண் நகர்த்தினேன். காலையில் பறவை இரை தேடப் போகும்போது புதிய குழி கீறி, முட்டையை என் தொப்பிக்குள் வைத்துச் சூடு போகாமல் எடுத்து, ஒரு சாண் மேலே. மறுநாள் இன்னொரு சாண். பறவை திரும்பி வந்து என் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். ஒருநாள் என் தலையில் எச்சமிட்டது. நாலாம் நாள் முட்டை பாரின் முதுகில் இருந்தது. பழைய குழிகளை மூடி ஆட்டுப் புழுக்கை தூவிவிட்டேன். என் வாழ்க்கையில் வேறு எந்த வேலையையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

மற்ற கூடுகள் அவளுக்கு உண்மையைச் சொல்லும், அவள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பாள், நான் சன்னலுக்கு வெளியே நின்று சிரிப்பேன். இதுதான் திட்டம். எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்த வருடம் கர்வபாத்தா எல்லையில் வேறு கூடே இல்லை. அத்தை பத்து நாள் நடந்து தேடினாள். முந்தின வருடங்களில் பதினைந்து, இருபது என்று வரைந்திருந்த பக்கத்தில் இந்த முறை ஒரே ஒரு பறவையை வரைந்தாள். பாரைக் காட்டும் மேட்டுக் கோட்டின் மேல்.

அக்டோபர் முதல் வாரம் குழுவின் கூட்டம் எதிர்க்கரையில். மதியச் சாப்பாடு உண்டு என்பதால் நானும் படகில் ஏறிக்கொண்டேன். ஏரி கரையிலிருந்து நானூறு அடி பின்வாங்கியிருந்தது. சேற்றில் பலகை போட்டு நடந்துதான் படகை அடைந்தோம். செத்த மீன் நாற்றம். "இது என்ன வாடை?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்குமே.

நகரத்திலிருந்து வந்த இஞ்சினியர் சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். "வழக்கத்தைவிடக் குறைவான மழைக்கு நாற்பது சதவீதம், வழக்கமான மழைக்கு முப்பத்தஞ்சு, அதிக மழைக்கு இருபத்தஞ்சு."

பொனிஃபாசியோ எதிர்க்கரைப் பார்வைக்காரர்களில் ஒருவர், ஐம்பது வயது, ஒல்லி, எப்போதும் கன்னத்தில் கோக்கா இலை அதக்கியிருப்பார். அவர் கையைத் தூக்கினார். "அதாவது பேயலாம், பேயாமலும் போகலாம். இதுக்கு எத்தனை வருஷம் சார் படிச்சீங்க?"

இஞ்சினியரும் சிரித்துவிட்டார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நரி தெளிவாக ஊளையிட்டது. நாணல் பறவை தண்ணீரை ஒட்டித் தாழக் கூடு கட்டியிருக்கிறது. லெக்கெ-லெக்கெ சாலுக்குள். பள்ளம், பள்ளம், பள்ளம் என்று ஏழு ஊர் சொல்லியாயிற்று.

"எங்க ஊர்ல பார் முதுகுல இருக்கு. மேடு" என்றாள் நிக்காசியா அத்தை.

"தங்கச்சி, உங்க பக்கத்துப் பறவைக்கு மட்டும் தனி பாஸ்போர்ட்டா?" என்றார் பொனிஃபாசியோ.

"அண்ணே, எங்க நரியும் தெளிவாத்தான் கத்துச்சு. எனக்கும் குழப்பமா இருக்கு. ஆனா கூடு இந்தக் கண்ணால பாத்தது. நாலு முட்டை. குனிஞ்சு பாத்தேன். பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்யின்னு சொல்லல. ஒரு கூட்டை நம்பி ஒரு ஊரா?"

அந்தக் கேள்வி எல்லோருக்கும் உறைத்தது. ஏனென்றால் போன வருடப் பனியில் பாதிக் கிழங்கு கருகியிருந்தது. மேட்டில் பாதி, பள்ளத்தில் பாதி என்று பிரித்துப்போட யாரிடமும் விதை இல்லை. ஓரிடம்தான். குழுவின் வழக்கம், அவரவர் ஊர் அவரவர் பார்வைக்காரர் சொன்னபடி.

அத்தை கோட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தாள். "எட்டு ஊரும் ஒண்ணையே பாத்தா எதுக்கு எட்டுப் பேர் வேணும்? அந்தப் பறவையை நான் நம்பறேன். என் இருபத்திரண்டு கூடையையும் மேட்டுல முதல்ல நானே போடறேன். அப்புறம் ஊரு போடட்டும்."

நான் வாயிலிருந்த மீன் துண்டை எடுத்துத் தட்டில் வைத்தேன். நரி சொன்னது, நாணல் பறவை சொன்னது, இஞ்சினியர் அரைகுறையாகச் சொன்னது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் நம்பியது என் நாலு சாணை.

திரும்பும் படகில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான். அவள் ரொட்டி ஒன்றைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். "சாப்பிடு. மூஞ்சி ஏன் செத்த தவளை மாதிரி இருக்கு? பகை பகையா இருக்கட்டும், பசி தனி." ரொட்டியை வாங்கிக்கொண்டேன். வாய் நிறைய ரொட்டி இருந்தால் பேச வேண்டாம் அல்லவா? இரண்டு வாரம் அப்படித்தான், ஏதாவது ஒன்றை வாயில் வைத்துக்கொண்டே ஓட்டினேன்.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி அத்தை மேட்டில் விதைத்தாள். முதலில் பூமிக்கு ஊட்டினாள். கோக்கா இலை, கொழுப்பு, இனிப்பு, கொஞ்சம் சாராயம். பிறகு இருபத்திரண்டு வரிசை, வரிசைக்கு ஒரு வகை. மற்றவர்கள் இரண்டு நாள் கழித்து விதைக்க ஏர்மாடு கேட்டு வைத்திருந்தார்கள். மாலையில் காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி முதுகில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தவளைப் பாதையில் மறித்தேன்.

"அத்தை, அந்தக் கூடு சாலுக்குள்ளதான் இருந்துச்சு. நான்தான் மேல வெச்சேன்."

அவள் கூடைகளை இறக்கவில்லை. வழக்கமான வசவு வரும் என்று காதைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"எத்தனை நாள்?"

"நாலு. நாளைக்கு ஒரு சாண்."

"பறவை கொத்தலையா?"

"தலையில பேண்டுச்சு."

அவள் சிரிக்கவில்லை. ஏரிப்பக்கம் பார்த்தாள். அவள் பேசாமல் நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு நேராக ஊர்ப் பொதுக்கூடத்துக்குப் போய் ஒலிபெருக்கியை வாங்கினாள். "கர்வபாத்தா ஜனங்களே, நான் தப்பாப் பாத்துட்டேன். கூடு சாலுக்குள்ள. பள்ளத்துல போடுங்க." அவ்வளவுதான். என் பெயர் வரவில்லை.

செவேரோ வாசலில் நின்றார். "என்ன நிக்காசியா, காலையில மேடு, சாயங்காலம் பள்ளம்? கண்ணாடி வாங்கிக் குடுக்கட்டுமா?"

"வாங்கிக் குடுங்க தலைவரே. உங்க மூஞ்சி தெரியாத மாதிரி பாத்து வாங்குங்க." பதில் வந்தது, ஆனால் குரலில் உப்பில்லை.

ஊர் முணுமுணுத்துக்கொண்டே பள்ளத்தில் விதைத்தது. அவளுடைய விதை மட்டும் மேட்டில். ஒலிபெருக்கியில் சொன்ன மறுநாளே நான் மண்வெட்டியோடு போய் நின்றிருந்தேன். "வா அத்தை, தோண்டி எடுத்துடலாம். ஒருநாள்தான ஆச்சு."

"பூமி வாயில வெச்சதையா?"

"கிழங்குதான அத்தை."

"ஊட்டிட்டுப் பிடுங்குனா உங்க அம்மா சும்மா இருப்பாளா? பூமி வாயை மூடிக்கிட்டா எனக்கு மட்டும் மூடாது, ஊருக்கே மூடும். போ. மண்வெட்டியைக் கீழ வெச்சுட்டுப் போ."

எனக்கு இந்த நம்பிக்கை எல்லாம் பாதிதான். பள்ளியையும் பாதிதான் முடித்தேன், பயத்தையும் பாதிதான் கற்றேன். நவம்பர் இரண்டு, இறந்தோர் நாள். ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில், ரொட்டிப் பொம்மைகளும் வெங்காயத் தாள்களும் வைத்துச் செத்தவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நல்ல வெயில். நான் மேட்டுக்குப் போனேன். வரிசைக்கு ஒன்று, இருபத்திரண்டு இடத்தில் தோண்டினேன். கிழங்கு முளைவிட்டிருந்தது, வெள்ளை வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. ஒவ்வொன்றையும் இழுக்கும்போது யாருடைய பல்லுக்கு நடுவிலிருந்தோ இழுப்பதுபோல் இருந்தது. கீழே கல்லறையிலிருந்து பாட்டுக் கேட்டது. நான் குழிகளைச் சரியாக மூடவில்லை. பாட்டு முடிவதற்குள் ஓட வேண்டியிருந்தது.

ஏரி முன்பு நின்ற இடத்தருகே கூரை போன படகுக் கொட்டகை ஒன்று உண்டு. நாலு மண் சுவர் மட்டும் மிச்சம். உள்ளே ஈரம் இருந்தது. அங்கே நட்டேன். தினமும் காலையில் பெயிண்ட் வாளியில் ஏரித் தண்ணீர். நானூறு அடி போய் வர. டிசம்பரில் அது அறுநூறு அடி ஆயிற்று.

டிசம்பர் வந்தது, மழை வரவில்லை. கிறிஸ்துமஸ் போனது, வரவில்லை. மழைமானியின் வாயில் சிலந்தி வலை கட்டியது. அத்தை அதைக் கலைக்கவில்லை. நோட்டில் சிலந்தியை வரைந்தாள். வெள்ளிக்கிழமைகளில் எதிர்க்கரைப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் போனில் "பூஜ்யம்" என்பார்கள், எங்கள் பிள்ளைகள் "பூஜ்யம்" என்பார்கள். முதலில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை. மாலையானால் பொலிவியா பக்கம் மின்னும். ஓசையில்லாத மின்னல். விடிந்தால் வானம் வறுத்த ஓடு.

ஜனவரியில் தவளைகளை எடுத்துக்கொண்டு மலை ஏறினார்கள். ஏரித் தவளைகளைப் பானையில் உச்சிக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தால் அவை அழும், வானம் இரங்கும். முன்பெல்லாம் அரைமணி நேரத்தில் பானை நிறையுமாம். இம்முறை ஒருநாள் முழுக்கத் தேடி நாலுதான் கிடைத்தன. மூன்று அழவே இல்லை. நாலாவது பானைக்குள் மல்லாந்து கிடந்தது.

"எங்கயோ எதுவோ மறைஞ்சு கிடக்கு. யாரோ செய்யக் கூடாததைச் செஞ்சிருக்காங்க" என்றார் செவேரோ. வானம் மூடினால் எங்கள் ஊரில் அப்படித்தான் தேடத் தொடங்குவார்கள். குறி கேட்டுக் கோக்கா இலையைப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் வரிசையாக வயல் வயலாக நடந்தார்கள். பள்ளத்தில் பாதி உயிரோடு இருந்தது, வாடியபடி. மேட்டில் அத்தையின் இருபத்திரண்டு வரிசையும் காய்ந்த நூல். ஒரு பெண் குனிந்து பார்த்தாள்.

"இது என்ன குழி?"

எண்ணினார்கள். இருபத்திரண்டு. பூமியின் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறார்கள் என்பது ஒவ்வொருவர் முகமாகப் போய்ச் சேர்ந்தது. பிடுங்கியதைத் தேடி அங்கிருந்து கீழே இறங்கி, கரையோரம் போய், படகுக் கொட்டகைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே இருபத்திரண்டு செடியும் பூத்திருந்தன. வெள்ளை, ஊதா, வெளிறிய நீலம், ரோஜா நிறம். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வேறு எங்கும் நிறமே இல்லாத நாளில் அந்தப் பூக்கள் திருட்டுச் சாமான்போல் பளிச்சென்று தெரிந்தன.

"யாரோடது?" என்றார் செவேரோ.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். செடிகளைப் பார்த்தாள். அவள் உதடு ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னது, சத்தமில்லாமல். பெயிண்ட் வாளியைப் பார்த்தாள். அது எங்கள் வீட்டு வாளி என்று அவளுக்குத் தெரியும்.

"என்னோடது. நான்தான் எடுத்தேன்" என்றாள்.

"பொய்! நான்தான் எடுத்தேன்!" என்று கத்தினேன். "கூட்டை நகர்த்துனதும் நான்தான், அத்தை தப்பாப் பாக்கல. நாலு நாள், நாளைக்கு ஒரு சாண்..."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள், "ஆமா, வானத்தையும் இவதான் மூடி வெச்சிருக்கா. மூத்திரம் பேஞ்சு முடியற வரைக்கும்." யாரோ சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் ஊர் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். என் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "எதுல விளையாடறதுன்னு இல்லையாடி?"

"சின்னப் புள்ள, எல்லாத்தையும் விளையாட்டா எடுத்துக்குது. விடுங்க" என்றாள் அத்தை. என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

செடிகளைப் பிடுங்கச் சொன்னார்கள் சிலர். இரண்டாம் தடவை பிடுங்கினால் இன்னும் கெடுதல் வரும் என்றார்கள் சிலர். அந்தப் பயம்தான் செடிகளைக் காப்பாற்றியது. அத்தையை எதுவும் காப்பாற்றவில்லை. ஞாயிறு கூட்டத்தில் நீலக் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருடம் ஊர் நிலத்தில் அவள் விதைக்கக் கூடாது என்றார்கள். அவளிடம் ரொட்டி வாங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் வாங்கவில்லை. பிப்ரவரி கடைசியில் இரண்டு மழை பெய்தது, பள்ள நிலத்தில் ஏதோ கொஞ்சம் கிடைத்தது. கோட்டை வாங்கியதால்தான் பெய்தது என்றார் செவேரோ.

ஏப்ரலில் கொட்டகையில் தோண்டினோம். பத்தொன்பது வகை தேறியது. மூன்று போய்விட்டது. அந்த மூன்றின் பெயரையும் அத்தை ஒருமுறை உரக்கச் சொன்னாள், பிறகு சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் பாதியை எடுத்து எங்கள் இருவர் பாவாடை மடிப்பிலும் கட்டினாள். படகில் எதிர்க்கரை போனோம். எல்லைக் காவலர் புதியவர். "ரெண்டு பேரும் ஏன் இவ்வளவு குண்டா இருக்கீங்க?" என்றார். "கவலை சார். குடும்பத்துல வருது" என்றேன்.

பொனிஃபாசியோ கிழங்குகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். "கோட்டு எங்க தங்கச்சி?"

"ஜிப்பு போயிடுச்சு அண்ணே. இதை வெச்சிரு. எங்க பக்கம் காஞ்சா உன்கிட்ட இருக்கட்டும். உன் பக்கம் காஞ்சா என்கிட்ட இருக்கும்."

"ரெண்டு பக்கமும் காஞ்சா?"

அத்தை காலி மடிப்புகளை உதறினாள். அவர் வெளியே எழுந்து போய்க் கோக்கா இலையைத் துப்பிவிட்டு வந்தார்.

இந்தச் செப்டம்பரில் அத்தை கோட்டில்லாமலே கல்லறைப் பக்கத்துத் தரிசுக்கு வந்தாள். புதிய பார்வைக்காரர் செவேரோவின் தம்பி. அவர் காலையில் வந்து, நின்று பார்த்து, போய்விட்டார். அவள் ஒவ்வொரு பாராக, ஒவ்வொரு சாலாகக் குனிந்து நடந்தாள். நான் மறு ஓரத்திலிருந்து தொடங்கினேன். நடுவில் சந்தித்தோம். பார் முதுகில் ஒன்றுமில்லை. சாலுக்குள்ளும் ஒன்றுமில்லை. மேலே கத்துவதற்கும் எதுவும் இல்லை. அந்தத் தரிசு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

"யோவானா, நீ ஏதாவது எடுத்து ஒளிச்சு வெச்சியா?"

"இல்ல அத்தை."

"சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா."

அவள் குனிந்து காலடி மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தாள்.

"ஒளிச்சு வெச்சிருக்கக் கூடாதாடி" என்றாள்.